தோட்டத்துச் சொட்டும் வார்டுச் சொட்டும்

(தேனியில் செவிலியர் படிப்பு, பொறியியல் படிப்பு மாணவ மாணவியர் முன் பேசியதன் எழுத்து வடிவம். இதழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதப்பட்டுள்ளது.)

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, இன்ஜினியரும் இல்லை. இதழியல் படித்துவிட்டு செய்தித் துறையில் அரசுத் திட்டங்களைப் பற்றி எழுதுகிற பொண்ணு. டிரிப்ஸ் பாட்டிலில் மருந்து கலப்பதைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே தகுதிதான். ஒரு ராத்திரி பக்கத்தில் நின்று, கண் இமைக்காமல் அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ராத்திரி

நான் கல்லூரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். சின்னமனூர் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு வாழைத் தோட்டம். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வரும். சொட்டுநீர்க் குழாயின் வால்வைத் திருப்பப் போனவர், செருப்பும் இல்லாமல் டார்ச்சும் இல்லாமல் போயிருக்கிறார். கணுக்காலில் ஏதோ சுருக்கென்றது. பாம்பு.

அவரைக் கொண்டுபோன அரசு மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தார்கள். ரத்தம் உறையவில்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து பத்து குப்பி போட வேண்டும் என்றார் டாக்டர்.

பத்து ஊசி போட்டுவிடுவார்கள், முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த மருந்து தூளாக இருக்கிறது. வார்டில் அன்றைக்கு ஒரே ஒரு சிஸ்டர். அவர் ஒரு குப்பியின் மூடியைக் கழற்றினார், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார், 10 மில்லி ஊசி நீரை சிரிஞ்சில் எடுத்தார், குப்பிக்குள் செலுத்தினார். பிறகு குப்பியை உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினார்.

"சிஸ்டர், வேகமா குலுக்குங்களேன்" என்றேன். பதற்றத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"குலுக்கினா நுரைச்சுக்கும் பாப்பா. நுரைச்சா மருந்தை முழுசா எடுக்க முடியாது. நீ தாத்தா பக்கத்துல போய் நில்லு."

"தாத்தா இல்ல சிஸ்டர், பெரியப்பா."

"சரி, பெரியப்பா. அவரைப் பேச்சு குடுத்துக்கிட்டே இரு."

கரைந்த மருந்தை மறுபடி சிரிஞ்சில் உறிஞ்சி, சலைன் பாட்டிலில் குத்திச் செலுத்தினார். அது ஒரு குப்பி. இன்னும் ஒன்பது பாக்கி. நடுவில் பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவுடன் எத்தனையாவது குப்பியில் நின்றோம் என்று காலிக் குப்பிகளை விரலால் எண்ணினார். முதல் குப்பியைத் திறந்ததில் இருந்து பாட்டிலைத் தொங்கவிடும்வரை இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. என் கைபேசியில் பார்த்தேன்.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். சிஸ்டர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டது. உயிர் காக்கிற மருந்து கையில் இருக்கிறது. அதைக் கலக்கிற வேலை மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டமாக, ஒருத்தருடைய கவனத்தை மட்டுமே நம்பி இருக்கிறது?

ஏன் பத்து குப்பி?

அப்புறம் தேடிப் படித்தேன். நம் நாட்டில் அதிக உயிர்ப்பலி வாங்குகிறவை என்று நாலு பாம்புகளைச் சொல்வார்கள்: நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து போகிறது. அந்தச் சமுதாயத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு குப்பி மருந்து சுமார் 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக இறக்குவது 63 மில்லிகிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், பத்து குப்பி ஏன் என்று புரியும். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

குப்பி ஒன்றுக்கு ஊசி நீரைச் செலுத்த ஒரு குத்து, கரைந்ததை எடுக்க ஒரு குத்து, பாட்டிலில் ஏற்ற ஒரு குத்து. ஒவ்வொன்றாகச் செய்தால் பத்து குப்பிக்கு 30 குத்து. ஒவ்வொரு குத்திலும் கிருமி நுழையலாம், மருந்து சிந்தலாம், சிஸ்டரின் விரலிலேயே ஊசி ஏறலாம். வடநெம்மேலியில் தொடங்கிய இவ்வளவு பெரிய சங்கிலியின் கடைசிக் கண்ணி, ராத்திரி தனியாக நிற்கிற ஒரு சிஸ்டரின் கட்டைவிரல்.

இன்னொரு கணக்கு. நம் மாவட்டத்தின் பெரிய மருத்துவமனையான தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது க.விலக்கில். கூடலூர், லோயர் கேம்ப் பக்கத்தில் இருந்து அங்கே போக 50 கிலோமீட்டருக்கு மேல். அதனால் விஷமுறிவு மருந்தை வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கவேண்டி வரும். கருவி எதைக் கண்டுபிடித்தாலும் அது அங்கேயும் வேலை செய்ய வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இது புதுசா?

இப்போது தோட்டத்துக்கு வருவோம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் திராட்சை, வாழை போடுகிற விவசாயிகளுக்கு சொட்டுநீர் அத்துப்படி. அதற்கு அரசு மானியமும் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். தண்ணீரோடு உரத்தையும் கரைத்து அனுப்புகிறோம் இல்லையா? அந்த அமைப்பில் என்னென்ன இருக்கிறது என்று எங்கள் பெரியப்பாவைக் கேட்டேன். அவர் விரல் விட்டுச் சொன்னார்.

"வென்சுரி இருக்கு தாயி, அது உரத்தைத் தானா உறிஞ்சிக்கும். வடிகட்டி இருக்கு. தண்ணி திரும்பி கிணத்துக்குள்ள போகாம இருக்க ஒருவழி வால்வு இருக்கு. காத்து வெளிய போக ஒரு வால்வு. அப்புறம் ஒண்ணு, கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட் உரத்தையும் ஒரே தொட்டியில போடக் கூடாது. போட்டா சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கும், சொட்டுவான் அடைச்சிக்கும்."

நான் அசந்துபோனேன். மருத்துவமனை டிரிப்ஸில் மருந்து கலக்கும்போது என்னென்ன தப்பு நடக்கலாம் என்று நான் படித்து வைத்திருந்த பட்டியலில் பாதி இதுதான். நாலு தப்பை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

தப்பு ஒன்று: ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மருந்து

செஃப்ட்ரியாக்சோன் என்று ஒரு ஆன்டிபயாடிக். அரசு மருத்துவமனைகளில் அடிக்கடி போடுகிறதுதான். அதை ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் கலக்கக் கூடாது. அந்த திரவத்தில் கால்சியம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கரையாத படிவு உண்டாகும். பெரியப்பாவின் தொட்டியில் கட்டிக்கொண்டது சொட்டுவானை அடைக்கும். இங்கே கட்டிக்கொண்டால் போய்ச் சேருவது ரத்தக்குழாய்க்குள். பச்சைக் குழந்தைகளுக்கு இது மிகவும் ஆபத்து. அதேபோல் வலிப்புக்குப் போடுகிற ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில், அதாவது நாம் சொல்கிற குளுக்கோஸில், கலக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகைக்கு ஏற்றுகிற அயர்ன் சுக்ரோஸை சாதாரண சலைனில் மட்டும்தான் கலக்க வேண்டும்.

இத்தனையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது யார்? மறுபடியும் அதே சிஸ்டர்.

தப்பு இரண்டு: கலந்தும் கலக்காத மருந்து

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மேடையில் நான் செய்து காட்டினேன். உயரமான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுங்கள. நம்ம ஊர் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தத் திராட்சையில் செய்த கெட்டியான ஸ்குவாஷை டம்ளரின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். என்ன ஆகிறது? கலக்கவில்லை. நேராக அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். 10 மில்லி ஆம்பூலில் 15 சதவீதக் கரைசலாக வருகிறது. சலைனைவிடக் கனமானது. பாட்டில் ஏற்கெனவே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போது கீழேயுள்ள ரப்பர் மூடி வழியாக அதைச் செலுத்தினால், அது அங்கேயே கீழே தங்கும். குழாய் செருகியிருப்பதும் அதே இடத்தில்தான். ஆகவே ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவேண்டிய பொட்டாசியம், முதல் சில நிமிடத்தில் மொத்தமாக உடம்புக்குள் போகும். இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

திராட்சை ஸ்குவாஷுக்கு நிறம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. பொட்டாசியத்துக்கு நிறம் கிடையாது. பாட்டிலைக் கீழே இறக்கி, குழாயை மூடி, மருந்தைச் செலுத்தி, பல முறை தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கிவிட்டுத்தான் தொங்கவிட வேண்டும் என்று செவிலியர் மாணவிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தருவது சரி. ஆனால் தொங்கும் நிலையில் செலுத்தவே முடியாதபடி பாட்டிலின் வாயை அமைக்க முடியாதா? பொறியியல் மாணவர்களே, இது உங்களுக்கு.

தப்பு மூன்று: ஒன்றுக்குப் பதில் இன்னொன்று

2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில் தட்டம்மை தடுப்பூசி போட்ட 15 குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பூசியில் கோளாறு இல்லை. தூளைக் கரைக்கிற திரவத்துக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படுத்தும் அட்ராகூரியம் என்ற மருந்தை எடுத்துக் கரைத்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. பொட்டாசியம் ஆம்பூலும் ஊசி நீர் ஆம்பூலும் ஒரே மாதிரி இருந்தாலும் இதே கதைதான். அதனால்தான் பல நாடுகளில் அடர் பொட்டாசியத்தை வார்டு அலமாரியில் வைப்பதையே நிறுத்தி, முன்கூட்டியே கலந்த பாட்டிலாகக் கொடுக்கிறார்கள்.

தப்பு நான்கு: கிருமி

நம் ஊர் வார்டுகளில் பார்த்திருப்பீர்கள். டிரிப்ஸ் சரியாக இறங்கவில்லை என்றால் பிளாஸ்டிக் பாட்டிலின் மேலே ஒரு ஊசியைக் குத்தி வைப்பார்கள், காற்று போக. பெரியப்பாவின் காற்று வால்வு மாதிரி. ஆனால் அந்த ஊசி வழியாகப் போவது வடிகட்டாத வார்டுக் காற்று. இதற்கு மாற்று ஏற்கெனவே இருக்கிறது. குழாயிலேயே வடிகட்டியோடு காற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, திரவம் குறையக் குறையத் தானே சுருங்கிக்கொள்கிற மெல்லிய பை. அதற்குள் காற்றே போகத் தேவையில்லை.

கவனமாக இரு என்று சொல்வது போதாது

இந்த நாலு தப்புக்கும் நாம் வழக்கமாகச் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "கவனமா இருங்க". சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டுவோம், ஒரு பயிற்சி நடத்துவோம். இரண்டும் வேண்டும்தான். ஆனால் பெரியப்பாவின் கிணற்றுக்குள் உரத் தண்ணீர் போகாமல் இருப்பது அவர் கவனமாக இருப்பதால் இல்லை. அங்கே ஒருவழி வால்வு இருக்கிறது. அவர் தூங்கினாலும் அது வேலை செய்யும். வார்டுக்கும் அப்படிப்பட்ட வால்வுகள் வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

உலகத்தில் அப்படிச் செய்தவை இருக்கின்றன. சிலவற்றைச் சொல்கிறேன்.

வின்கிரிஸ்டின் என்று ஒரு புற்றுநோய் மருந்து. ரத்தக்குழாயில் மட்டும்தான் ஏற்ற வேண்டும். முதுகுத்தண்டில் போடுகிற வேறொரு மருந்தோடு மாறிப்போய், தவறுதலாக முதுகில் செலுத்தி உயிர்கள் போயிருக்கின்றன. சிரிஞ்சில் கொடுப்பதை நிறுத்தி, சின்ன டிரிப்ஸ் பையில் கலந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எச்சரித்தது. ஒரு பையை யாரும் முதுகுத்தண்டில் ஏற்ற நினைக்க மாட்டார்கள். பாத்திரத்தை மாற்றியதே பாதுகாப்பு.

ஐ.எஸ்.ஓ. 80369 என்ற சர்வதேசத் தரவரிசை இன்னொன்று. மூக்கு வழியாக உணவு கொடுக்கும் குழாய், முதுகுத்தண்டுக் குழாய், ரத்தக்குழாய்க் குழாய், எல்லாவற்றுக்கும் வாய் ஒரே அளவில் இருந்ததால் ஒன்றை இன்னொன்றில் மாட்டிவிட முடிந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவு. தப்பாக மாட்டப் பார்த்தால் பொருந்தாது.

தூள் மருந்துக்கு இரண்டு பக்கமும் முனையுள்ள இணைப்பான் வந்திருக்கிறது. ஒரு முனையைக் குப்பியிலும் மறுமுனையை சலைன் பையிலும் அழுத்தினால் போதும். பையை அமுக்கி சலைனைக் குப்பிக்குள் அனுப்பி, கரைத்து, திருப்பி இறக்கிக்கொள்ளலாம். சிரிஞ்சும் இல்லை, விரலில் குத்துகிற ஊசியும் இல்லை. இரண்டு அறைகள் உள்ள பையும் இருக்கிறது. ஓர் அறையில் தூள், இன்னொன்றில் திரவம். நடுத் தடுப்பை அமுக்கி உடைத்தால் கலந்துவிடும். எந்தத் திரவத்தில் கலப்பது என்ற குழப்பத்துக்கே இடமில்லை.

தடுப்பூசிக் குப்பியின் லேபிளில் இருக்கிற சின்னச் சதுரத்தை நம் கிராம சுகாதார செவிலியர் எல்லோருக்கும் தெரியும். வெப்பத்தில் கெட்டுப்போனால் அது கருத்துவிடும். தெர்மாமீட்டரும் வேண்டாம், ரெஜிஸ்டரும் வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். இதைவிட எளிமையான கருவி ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நம்ம வார்டுக்கு ஏற்ற கருவி

அப்படியானால் வெளிநாட்டில் இருப்பதை வாங்கி மாட்டிவிட்டால் ஆச்சா? அவ்வளவு சுலபம் இல்லை. பொறியியல் படிக்கிறவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன் ஒரு ராத்திரி வார்டில், முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, ஓரமாக நின்று பாருங்கள். எத்தனை குத்து, எத்தனை தடவை நடுவில் கூப்பிட்டார்கள், எந்த இடத்தில் எண்ணிக்கை மறந்தது என்று எழுதுங்கள். அப்புறம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

பத்து குப்பியை வரிசையாக மாட்டி, ஒரே பையில் இறக்க முடியுமா? கிடைக்கிற இணைப்பான்கள் பெரும்பாலும் ஒரு குப்பிக்கு ஒன்று என்று செய்தவை. விஷமுறிவு மருந்துக்குப் பத்து வேண்டும். இது நம்முடைய பிரச்சினை, நாம்தான் யோசிக்க வேண்டும்.

கரண்ட் போனால் வேலை செய்யுமா? கையுறை ஈரமாக இருந்தால் வழுக்குமா? மங்கலான வெளிச்சத்தில் அளவுக் கோடு தெரியுமா? எழுத்து தமிழில் இருக்கிறதா?

நுரைக்காமல் கரைக்குமா? அந்த சிஸ்டர் உள்ளங்கையில் உருட்டிய வேகத்தை ஒரு சின்னக் கருவி செய்யுமா?

குப்பையில் எங்கே போடுவது? 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி போன்ற கூர்மையானவை வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலப் பெட்டியில், பிளாஸ்டிக் குழாயும் பாட்டிலும் சிவப்புப் பையில். கண்ணாடிக் குப்பி, கூர் முனை, பிளாஸ்டிக் மூன்றும் ஒட்டிக்கொண்ட ஒரு கருவியை நீங்கள் செய்தால் தூய்மைப் பணியாளர் அதை எதில் போடுவார்? அவர் கையில் குத்தினால் நம் கண்டுபிடிப்புக்கு என்ன அர்த்தம்?

கடைசியாக விலை. நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் டிரிப்ஸ் செட்டும் மொத்தமாக வாங்கித் தருவது 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. கொள்முதல் விவரக்குறிப்பில் ஒரு வரி மாறினால், அந்த மாற்றம் மாவட்டக் கிடங்குகள் வழியாக மலையடிவார சுகாதார நிலையம் வரை போய்ச் சேரும். ஆனால் அந்த வரி மாற, உங்கள் கருவி மலிவாகவும் உறுதியாகவும் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும்.

நிரூபிக்கவும் வழி இருக்கிறது. 2017-ம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகள் ஆபத்தின் அளவைப் பொறுத்து கருவிகளை ஏ, பி, சி, டி என்று நாலு வகையாகப் பிரிக்கின்றன. உங்கள் கருவி எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பொம்மை மேல் சோதனை, செவிலியர்களை வைத்து வெறும் தண்ணீரில் ஒத்திகை, ஆய்வகத்தில் கிருமி, கசிவுச் சோதனை, நெறிமுறைக் குழு அனுமதி என்று படிப்படியாகத்தான் நோயாளியிடம் போக முடியும். நேராக வார்டுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 'நான் முதல்வன்' திட்டத்தின் 'நிரல் திருவிழா'வில், நிஜமான பிரச்சினைகளுக்குத் தீர்வு காணும் மாணவர் திட்டங்களுக்கு இடம் உண்டு. போடி அரசு பொறியியல் கல்லூரியில் இருந்து ஒரு அணியும், செவிலியர் மாணவிகள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷம். செவிலியரை கடைசியில் கூப்பிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். முதல் நாளே கூப்பிடுங்கள்.

படிக்கிற உங்களுக்கு

மாணவர்களுக்குச் சொன்னது போதும். நீங்கள் நாளைக்கு ஒரு நோயாளியாகவோ, கூட இருக்கிற உறவினராகவோ வார்டில் இருக்கலாம். உங்களால் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

பாட்டிலில் மருந்து கலந்திருந்தால் அதன் மேல் மருந்தின் பெயர், அளவு, கலந்த நேரம் எழுதிய லேபிள் இருக்க வேண்டும். இல்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள்: "இதுல என்ன கலந்திருக்கீங்க சிஸ்டர்?" கேட்பது தப்பில்லை, அது உங்கள் உரிமை.

முன்பு ஏதாவது மருந்து ஒவ்வாமல் போயிருந்தால் அதை ஒரு தாளில் எழுதி சட்டைப்பையில் வைத்திருங்கள். ஏற்றும்போது அரிப்பு, நடுக்கம், மூச்சு முட்டல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். விஷமுறிவு மருந்துக்கும் இப்படி ஒவ்வாமை வரலாம், அதற்கு மாற்று மருந்தைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருப்பார்கள்.

சீக்கிரம் முடியட்டும் என்று டிரிப்ஸின் சக்கரத்தை நீங்களே திருகாதீர்கள். 100 மில்லியை 30 நிமிடத்தில் ஏற்ற வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்குச் சுமார் 67 சொட்டு. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் சக்கரத்தை வைத்திருப்பார்கள்.

சும்மா சோர்வாக இருக்கிறது என்று "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள். வாயால் குடிக்க முடிகிறவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலே பெரும்பாலும் போதும். போடாத டிரிப்ஸில் தப்பும் நடக்காது.

மருந்தாலோ மருத்துவக் கருவியாலோ பாதிப்பு வந்ததாகச் சந்தேகம் இருந்தால், 1800-180-3024 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணில் சொல்லலாம். யாரையும் மாட்டிவிடுவதற்காக இல்லை. அதே தப்பு இன்னொரு வார்டில் நடக்காமல் இருப்பதற்காக. மருத்துவ ஆலோசனைக்கு 104. அரசுச் சேவை பற்றிய குறைகளுக்கு முதல்வரின் முகவரி 1100, இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக நம் அரசு 2024-ல் சேர்த்திருக்கிறது. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்ற கணக்கு தெரிந்தால்தான் எங்கே எத்தனை குப்பி வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

கடைசியாக

இந்தப் பேச்சுக்குத் தயார் செய்யும்போது பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது ராத்திரி தோட்டத்துக்குப் போனால் முழங்கால்வரை பூட்ஸ், கையில் டார்ச், ஒரு கம்பு. இரண்டு பக்கமும் முனையுள்ள அந்த இணைப்பானின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? நம்ம ஊருல லேத் பட்டறைப் பசங்களே செஞ்சிருவாங்களே."

"அவ்வளவு சுலபம் இல்ல பெரியப்பா. கிருமி இல்லாம செய்யணும், சோதிக்கணும், அனுமதி வாங்கணும்."

"சரி தாயி, வாங்கட்டும். ஆனா சீக்கிரம் வாங்கச் சொல்லு. அந்தப் புள்ள அன்னைக்கு ஒத்தையா நின்னு உருட்டிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு வலி ஒரு பக்கம், அந்தப் புள்ளயப் பாத்துப் பாவமா இருந்தது இன்னொரு பக்கம்."

அந்த சிஸ்டர் இப்போது எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அவருக்கு ராத்திரி டூட்டியாக இருக்கலாம். பத்து குப்பி அவர் முன்னால் இருக்கலாம். அவருடைய கைக்கு ஒரு நல்ல கருவி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.